துறைமுகம் நகர்ந்த வழியே

கழுகுமலை

கோவில்பட்டியைத் தாண்டி மேற்கே திரும்பியதும் சாலையில் பாதியை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டது. உதிர்த்த மணிகளைத் தாரில் பரப்பி, வண்டிகள் ஏறாமலிருக்க ஓரத்தில் கல் அடுக்கியிருந்தார்கள். இரண்டு புல்லட், ஒரு பல்சர், ஒரு யமஹா, எல்லாவற்றுக்கும் பின்னால் கணக்கு வாத்தியாரின் பழைய ஸ்பிளெண்டர் என்று எங்கள் கூட்டம் மீதிப் பாதியில் ஒற்றை வரிசையாக ஊர்ந்தது. குடியரசு தினத்தோடு சனி, ஞாயிறு சேர்ந்து வந்த விடுமுறை. கோவையில் போட்ட திட்டம் எளிமையானது: தூத்துக்குடி மாவட்டத்துப் பழங்கோயில்கள், நடுவில் கொஞ்சம் கடல். போகப்போக கடல்தான் கதையென்றும் கோயில்கள் அதன் கரையில் நிற்கும் சாட்சிகள் என்றும் ஆகிவிட்டது.

ஆனால் கழுகுமலையில் கடல் இல்லை, கரிசல்தான். மலைச்சரிவில் பெரிய பள்ளமாக வெட்டி, நடுவில் விட்ட ஒற்றைப் பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டு வந்த கோயில் வெட்டுவான் கோயில். 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மேலிருந்து வேலை நடந்ததால் விமானத்தின் தலை முடிந்திருக்கிறது, கால் முடியவில்லை. தென்புறம் தட்சிணாமூர்த்தி கல்லால மரத்தடி மௌனத்தையெல்லாம் விட்டுவிட்டு மிருதங்கம் வாசித்துக்கொண்டிருக்கிறார். உளி நின்ற இடங்களில் கல் இன்னும் கரடுமுரடாகக் கிடக்கிறது. அப்பன் சிற்பிக்கும் மகன் சிற்பிக்கும் போட்டி, பொறாமையில் அப்பன் வீசியெறிந்த ஆயுதம் பட்டு மகன் செத்தான், அதனால்தான் கோயில் பாதியில் நின்றது என்று ஊரில் கதை சொல்கிறார்கள். வேலை நின்றுபோன எல்லாக் கோயிலுக்கும் நம்மிடம் ஒரு கொலை இருக்கிறது. பணம் தீர்ந்தது என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

இன்னும் கொஞ்சம் ஏறினால் சமணர் சிற்பங்கள். பாறை நெடுக வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்க, அடியில் வட்டெழுத்தில் செய்துவைத்தவர்களின் பெயர்கள். ஒரு பேரரசன் கட்டளையிட்டுச் செதுக்கியதல்ல இது. பல ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒன்றாகச் செய்துவைத்தது. குரத்திகள் என்னும் பெண் துறவிகளின் பெயர்களும் அந்தக் கல்வெட்டுகளில் உண்டு. வாத்தியார் வட்டெழுத்தைப் படிக்க முயன்று தோற்று, கடலைமிட்டாயைப் பிரித்தார்.

அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இந்த முருகனுக்குத்தான். பாட்டு ஊரெல்லாம் நடந்து போய்விட்டது, கோயில் அதன் இடத்திலேயே இருக்கிறது.

தூத்துக்குடி

எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டையும் முத்துசுவாமி தீட்சிதர் சமாதியையும் எட்டிப் பார்த்துவிட்டு, வெயில் சாயும் நேரத்தில் உப்பளங்களுக்கு நடுவே வந்து சேர்ந்தோம். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்து அதிகமாக உப்பு விளைவது இங்கேதான். ஜனவரியில் உப்பு கிடையாது. வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் வடிந்து, பாத்திகளைச் செப்பனிடும் காலம். போன ஆண்டு உப்பு அம்பாரங்களாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. பாத்தியில் பெண்கள் வரிசையாக நின்று ஈரமண்ணைக் காலால் மிதித்துத் தளம் இறுக்கிக்கொண்டிருந்தார்கள். வரப்போரம் நின்ற எங்களைப் பார்த்து ஓர் அக்கா கையை நெற்றியில் வைத்துக் கேட்டார்: "எங்கன இருந்து வாரிய? கோயம்புத்தூரா? அம்புட்டுத் தூரம் பைக்குலயா வந்திய? இப்பம் வந்து என்னத்தப் பாக்க? சித்திரையில வாங்க, வெள்ளைவெளேருன்னு கண்ணு கூசும்." கண் கூசுவது அவருக்கு வேடிக்கை இல்லை. வெயிலும் உப்பின் வெளிச்சமும் சேர்ந்து பார்வையை வாங்கிவிடுகிறது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். மழைக்காலத்தில் வேலை இல்லை. அந்த மாதங்களுக்கென்று அரசு உதவித்தொகை வர ஆரம்பித்ததே சில ஆண்டுகளாகத்தான்.

ராத்திரி பரோட்டா. 'நைட் கிளப்' என்று பலகை தொங்கும் கடைகளைப் பார்த்து எங்கள் பல்சர் தம்பி பரபரத்தது உண்மை. உள்ளே இருந்தவை இரும்புக் கல், சால்னா வாளி, வாழையிலை. எண்ணெயில் பொரித்து நொறுங்கும் பரோட்டாவைக் கையால் பிய்த்து, சால்னாவை ஊற்றி ஊறவைத்துத் தருகிறார்கள். எங்கள் ஊரில் பரோட்டாவுக்குக் குருமா ஊற்றுவதோடு சரி. இங்கே அதற்கு ஒரு நிதானம் இருக்கிறது, ஊறும்வரை யாரும் கை வைப்பதில்லை. முடித்துவிட்டு மக்ரூன் வாங்கினோம். முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும்தான் சரக்கு. போர்த்துக்கீசியர் விட்டுப்போனது என்கிறார்கள். நாக்கில் வைத்ததும் கரைந்து, முந்திரி மட்டும் மிஞ்சுகிறது.

போர்த்துக்கீசியர் விட்டுப்போனதில் பெரியது பனிமய மாதா பேராலயம். பனியே விழாத கடற்கரையில் பனிமய மாதா. 16-ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையின் பரதவர்கள் கிறிஸ்தவம் தழுவினார்கள். மாதாவோ அவர்கள் கைக்கு வந்ததும் இந்த ஊர் வழக்கப்படி தேரேறிவிட்டாள். ஆகஸ்ட் 5 திருவிழா, சிறப்பான ஆண்டுகளில் தங்கத்தேர், வடம் பிடிக்கச் சாதிமத வேறுபாடில்லாமல் கூட்டம். பேரூர்த் தேரோட்டத்தில் வளர்ந்த எனக்கு இதில் அந்நியமாக எதுவும் படவில்லை.

காலையில் திரேஸ்புரம். சங்கு குளிக்கப் போகிறவர்களின் கரை. படகில் காற்றடிக்கும் கம்ப்ரசர், சுருட்டி வைத்த குழாய். மூச்சை அடக்கி இறங்கிய காலம் போய்விட்டது. கரையில் குவித்திருந்த சங்கு ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கடையில் விற்கும் வெள்ளைச் சங்கில்லை அது. மேலே பழுப்புத் தோல் ஒட்டி, வாயில் சேறு வைத்து, ஒரு சின்னத் தேங்காய் கனம் கனத்தது. இது வங்காளத்துக்குப் போய் மணமான பெண்களின் கைவளையாகும். தலைப்பா கட்டிய பெரியவர் ஒருவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்தைப் பற்றிக் கேட்டோம். "எங்க அப்பா காலம் முத்து. என் காலம் சங்கு. என் மவனுக்குக் கண்டெய்னர்" என்று துறைமுகத்துப் பக்கம் கையைக் காட்டினார். மகன் அங்கே கிரேன் ஓட்டுகிறாராம்.

தூத்துக்குடியில் கடைசியாக அரசு முன்னின்று முத்துக்குளிப்பு நடத்தியது 1961-இல். அதற்குப் பிறகு பார்களில் சிப்பி அப்படிக் கூடவே இல்லை. கடலடியில் சிப்பி படியும் பாறைத்திட்டைத்தான் பார் என்கிறார்கள். இடுப்பில் கயிறு, காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவான் ஒருவன். மேலே கயிற்றைப் பிடிப்பவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்றார் பெரியவர். "தன் தங்கச்சி தாலிய நெனச்சாவது ஒழுங்கா இழுப்பாம்லா?" சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் கடல்கட்டி ஒருவர் உண்டாம். அவருக்கும் பங்கு உண்டு. அள்ளி வந்த சிப்பியை உடனே உடைப்பதில்லை. கரையில் குவித்து அழுகவிட்டு, ஈ மொய்த்து, புழு வைத்து, சதை கரைந்தபின் கழுவி முத்தெடுப்பார்கள். ராணிகள் கழுத்துக்குப் போனது இந்த நாற்றத்திலிருந்துதான். இப்போது முத்து வேண்டுமென்றால் சிப்பிக்குள் வளர்த்துத்தான் எடுக்க வேண்டும். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் இதே ஊரில் அதைச் செய்தும் காட்டினார்கள்.

பழைய துறைமுகத்தில் தோணிகள் மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டிருந்தன. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்ற கப்பல்களைக் கொழும்புக்கு ஓட்டியது இங்கிருந்துதான். புதிய துறைமுகத்துக்கு இப்போது அவர் பெயர். அங்கே நிற்கும் கப்பல்களின் உயரத்துக்கு முன்னால் தோணி ஒரு விளையாட்டுச் சாமான்தான். ஆனாலும் சுமை ஏறிக்கொண்டே இருந்தது.

பழையகாயல், கொற்கை

திருச்செந்தூர்ச் சாலையில் பழையகாயலை நெருங்கும்போது ஸ்பிளெண்டர் பஞ்சர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்து பார்த்த பாண்டியத் துறைமுகம் இந்தப் பகுதிதான். அரபுக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கிய கரை. பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப்போயின, லாடம் அடிக்கக்கூட ஆளில்லை என்று போலோ எழுதிவைத்திருக்கிறார். எங்களுக்கு அந்தக் குறை இல்லை. சாலையோரக் கொட்டகையில் இருந்த பையன் ட்யூபை உருவி, தண்ணீர் வாளியில் அமுக்கி, குமிழ் வந்த இடத்தைப் பேச்சைக்கூட நிறுத்தாமல் ஒட்டிவிட்டான். காத்திருந்த நேரத்தில் பனங்கிழங்கு. பொங்கல் முடிந்தும் கட்டுக்கட்டாக விற்கிறது. வேகவைத்த கிழங்கின் தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுக்குருத்தை எடுத்துவிட்டு நாரோடு மென்றால் ஒரு மாவுச் சுவை.

துறைமுகம் இருந்த ஊரில் கடலைக் காணோம். இந்தக் கரையின் கதையே அதுதான். தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கடல் பின்வாங்குகிறது, துறையும் நகர்கிறது. முதலில் கொற்கை. அது தூர்ந்ததும் காயல். அதுவும் தூர்ந்ததும் ஆற்றுவாயில் புன்னைக்காயல். 1586-இல் ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியாரின் தமிழ் நூல் அச்சேறியது அங்கே. அதன்பின் ஆற்றைவிட்டுத் தள்ளியிருந்த தூத்துக்குடி. நாங்கள் அந்த வழியை எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தோம், கடைசித் துறையிலிருந்து முதல் துறைக்கு.

முக்காணியில் ஆற்றைக் கண்டதும் மேற்கே திரும்பினால் இருபுறமும் வாழை. கொற்கை ஒரு கிராமம். ஒரு குளம், கொஞ்சம் வீடுகள். பெரிப்ளூஸும் தாலமியும் குறித்துவைத்த முத்துத் துறைக்குக் கடல் இப்போது ஆறேழு கிலோமீட்டர் தள்ளி. குளக்கரைக் கோயிலில் வெற்றிவேல் அம்மன் என்னும் செழியநங்கை. கண்ணகி என்றே ஊரார் சொல்கிறார்கள். கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்தான் என்கிறது சிலப்பதிகாரம். ஒரு பொற்கொல்லன் செய்த குற்றத்துக்கு ஆயிரம் பேர். காப்பியம் இதைச் சாதாரணமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறது, எனக்கு முடியவில்லை.

இரண்டாயிரம் வயது என்று சொல்லப்படும் வன்னிமரம் அடி பொந்தாகி, சாய்ந்து, தழைத்து நிற்கிறது. தோட்டத்துக்கு நடுவே அக்கசாலைப் பிள்ளையார். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியால் வரப்பைக் கொத்திக் காட்டினார். சிப்பி ஓட்டுத் துண்டுகள், ஒரு சங்கின் முனை. "எங்க வெட்டுனாலும் இதுதான் வரும். வாழைக்கு இது ஒண்ணும் செய்யாது" என்றார். 1968-69-இல் இங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரிக்குக் கதிரியக்கக் காலக்கணக்கு கி.மு. 8-ஆம் நூற்றாண்டைக் காட்டியது. அவருக்கு அதைவிட இந்த ஆண்டு ஏத்தன் தார் என்ன விலை போகும் என்பது பெரிது.

ஆற்றங்கரை

நவதிருப்பதிகள் என்னும் பெருமாள் கோயில்கள் ஒன்பதும் தாமிரபரணியின் இரு கரைகளிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஒரே நாளில் ஒன்பதையும் முடித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. வேன்கள் நிற்பதும் பறப்பதுமாகப் போகின்றன. நாங்கள் நாலைந்தோடு நிறுத்திக்கொண்டோம். நடை சாத்தும் நேரம் நெருங்கிவிட்டது என்பதும் ஒரு காரணம்.

திருப்புளிங்குடியில் காய்சினவேந்தன் பள்ளிகொண்ட நீளம் சந்நிதி வாசலுக்குள் அடங்கவில்லை. திருமுகத்தைச் சேவித்துவிட்டுப் பிராகாரம் சுற்றி வந்தால் சுவரில் ஒரு சன்னல். அதற்குள் குனிந்தால் திருவடி, எண்ணெய்ப் பளபளப்போடு, கைநீட்டினால் தொடலாம் போல. பட்டர் சுவாமி, "அவசரமா வர்றவா முகத்தைப் பாத்துட்டுப் போயிடுவா, காலை விட்டுடுவா" என்றார். பல்சர் தம்பி ஏற்கெனவே வண்டியருகே போய்விட்டிருந்தான். கூப்பிட்டு வந்து காட்டினோம்.

ஸ்ரீவைகுண்டம் அணை ஆற்றின் கடைசி அணைக்கட்டு. ஜனவரி நீர் வழிந்துகொண்டிருந்தது. எங்கள் நொய்யலில் சாயம் கலக்காத தண்ணீரைப் பார்ப்பதே திருவிழா மாதிரி. இங்கே ஆளாளுக்குச் சோப்பும் துண்டுமாக இறங்கிக் குளிக்கிறார்கள். நாங்களும் இறங்கினோம். இதே ஆறுதான் 2023 டிசம்பரில் ஊர்களுக்குள் ஏறியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட, தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போய், எண்ணூறு பேர் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வெள்ளத்துக்குள் சமைத்துப் போட்டார்கள். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா அதைச் சொல்லும்போது, "அரிசி மட்டும் இருந்துச்சு, அத வச்சு என்ன முடியுமோ பொங்குனோம்" என்றார், விருந்தாளி வந்ததைச் சொல்வது போல.

ஆற்றின் தென்கரையில் ஆதிச்சநல்லூர். நூறு ஏக்கருக்கு மேல் விரியும் பரம்பு, அதற்கடியில் இறந்தவர்களைப் புதைத்த தாழிகள். 1876-இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. பின்னர் அலெக்ஸாண்டர் ரீ கண்டெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் சென்னை அருங்காட்சியகத்தில். இப்போது தோண்டிய குழிகளை அப்படியே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே உடைந்த வாயோடு தாழிகள், பக்கத்தில் சின்னக் கலயங்கள். கண்ணாடிமேல் நடக்க வாத்தியார் தயங்கினார். உடையும் என்ற பயமில்லை. "பெரியவங்க தலைக்கு மேல எப்படிங்க நடக்கறது?" என்று கொங்குத் தமிழில் கேட்டுவிட்டு ஓரமாகவே சுற்றினார். நானும் அவர் பின்னாலேயே போனேன்.

ஆழ்வார்திருநகரிக்கு மாலையில் போனது நல்லதாயிற்று. நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் புளியமரம் கிளைகள் முறுக்கிக்கொண்டு மதிலை அணைத்து நிற்கிறது. இலைகள் ராத்திரியில் கூம்புவதில்லை என்பதால் உறங்காப்புளி. இருட்டும்வரை காத்திருந்து சரிபார்க்கலாம் என்றார் எங்களோடு வந்த வங்கி நண்பர். பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவை இன்னும் நடக்கும் மிகச் சில தலங்களில் இது ஒன்று. மார்கழியில் வராமல் போனோமே என்ற ஏக்கத்தோடு தென்திருப்பேரை வழியாகக் கிளம்பினோம்.

திருச்செந்தூர்

தைப்பூசம் நெருங்குவதால் சாலையோரமெங்கும் பச்சை வேட்டி, பச்சைச் சேலை. பாதயாத்திரைக் குழுக்களுக்கு முன்னால் முருகன் படம் வைத்த வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறது. குரும்பூரில் டீக்குடிக்க நின்ற இடத்தில் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து நடந்துவந்த கூட்டம் உட்கார்ந்திருந்தது. உள்ளங்காலில் கொப்புளம் உடைந்த இடத்தில் மஞ்சள் அப்பி, மேலே சாக்ஸ் போட்டிருந்தார் ஓர் அம்மா. நாங்கள் வண்டியில் வந்ததைப் பற்றிக் கொஞ்சம் நெளிந்தபோது சிரித்தார். "வண்டியில வந்தா முருகன் வேண்டாம்னா சொல்லப் போறான்? பெட்ரோலுக்கு எவ்வளவு ஆச்சு, அதச் சொல்லுங்க."

எங்களுக்கு முருகன் என்றால் மருதமலை, பழனி. ஏறிப் போய்ப் பார்க்க வேண்டியவன். இங்கே அலையடிக்கும் கரையில் நிற்கிறான். பிரகாரத்துக்கு வெளியே இரண்டடி எடுத்து வைத்தால் காலில் கடல். உப்புக் காற்றுக்குள்ளேயே நாழிக்கிணற்றில் குடிக்கிற தண்ணீர். பன்னீர் இலையில் மடித்த விபூதி கையில். சமீப ஆண்டுகளில் அலை கரையை அரித்துப் படிக்கட்டோரம் வரை வந்துவிட்டது. கொற்கையை விட்டுப் பின்வாங்கிய கடல் இங்கே முன்னே வருகிறது.

1648-இல் டச்சுக்காரர்கள் கோயிலைப் பிடித்து, உற்சவரைக் கப்பலில் தூக்கிக்கொண்டு போனதாகவும், புயலில் சிக்கிக் கடலில் போட்டுவிட்டதாகவும், வடமலையப்ப பிள்ளை கனவில் கண்டு, எலுமிச்சம்பழம் மிதந்த இடத்தில் 1653-இல் மீட்டதாகவும் கோயில் வரலாறு சொல்கிறது. மூழ்கி எடுத்தவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. முத்துக்குளிக்கிற கரையில் அதற்கு ஆளுக்கா பஞ்சம்?

காயல்பட்டினம் பக்கத்தில்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அங்கே போனோம். வட்டலப்பத்தில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் ஒன்றையொன்று மறைக்காமல் இருந்தன. பெண்கள் போய்வருவதற்கென்றே வீடுகளுக்கு இடையில் விட்ட முடுக்குகளை ஒரு கடைக்காரர் வெளியிலிருந்தே காட்டினார்.

தேரி, மணப்பாடு

திருச்செந்தூரிலிருந்து தென்மேற்கே போனால் மண் திடீரென்று குங்குமம். தேரிக்காடு. பனையும் முந்திரியும் பொடிமணலில் நிற்கின்றன. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போகும் வழியில் சாலையை விட்டு இறங்கிப் பார்த்தோம். புல்லட் இரண்டும் அச்சுவரை புதைந்தன, ஆள் ஆளாய்த் தள்ளி எடுத்தோம். அவ்வளவு வறண்ட சிவப்புக்கு நடுவே மரநிழலில் ஒரு சுனை. பங்குனி உத்திரத்துக்கு வெளியூரிலிருந்தெல்லாம் குடும்பங்கள் தங்கள் சாஸ்தாவைத் தேடி இங்கே வந்து குவியும். கோயில் பெரிதில்லை. கல்வெட்டு, கோபுரம் எதையும் நாங்கள் தேடவுமில்லை.

குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன். தசராவுக்கு வேடம் கட்டி வீடுவீடாகக் காணிக்கை கேட்டு வருபவர்களால் ஊரே நிரம்பும் என்கிறார்கள். இப்போது ஊருக்கு இன்னொரு பெயரும் வந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு இங்கே அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு விடும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும். இங்கிருந்து நேரே தெற்கே கடல்தான், சின்ன ராக்கெட்டுகளுக்கு எரிபொருள் மிச்சம். கொற்கை, காயல், புன்னைக்காயல், தூத்துக்குடி என்ற வரிசையில் அடுத்த துறை மேல்நோக்கித் திறக்கிறது.

மணப்பாட்டில் மணல்மேட்டின்மேல் திருச்சிலுவைக் கோயில், 1581-இல் கட்டியது. அதன் கீழே, கடலைப் பார்த்து, புனித சவேரியார் தங்கியிருந்ததாகச் சொல்லும் குகை. 1542-இல் இந்தக் கரைக்கு வந்தவர் அவர். மேட்டிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் அலை, மறுபக்கம் உப்பங்கழி, நடுவில் பழைய பெரிய வீடுகள். கீழே படகோரம் வலை பொத்திக்கொண்டிருந்த அண்ணாச்சியிடம் ராக்கெட்டைப் பற்றிப் பேச்சைத் தொடங்கினார் வங்கி நண்பர்.

"நாடு முன்னேறும், சரிதான். அது போற அன்னைக்கு எங்களக் கரையிலயே இருக்கச் சொல்லுவாங்க. எத்தன நாளு, அதுக்கு என்ன தருவாங்கன்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்."

நண்பர் இழப்பீட்டு விதிமுறைகளை விளக்க ஆரம்பித்தார். அண்ணாச்சி இரண்டு கண்ணி பொத்தும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சீலாக் கருவாடு இருக்கு, வீட்டுல போட்டது. வாங்கிட்டுப் போறியளா?" என்றார்.

வாங்கினோம். அதை யார் வண்டியில் கட்டுவது என்ற வழக்கு உடன்குடியில் கருப்பட்டி வாங்க நின்றபோது தொடங்கி, மதுரை தாண்டியும் தீரவில்லை.